அசிங்கப் படி

மாடி நடைபாதையில் இருபத்திரண்டு மேசைகள்,
ஒருவர் மூச்சு மற்றவர் தாளில் படாத தூரத்தில்.
வெளியே நூவோரோவின் ஓடுகளை
ஜூன் வெயில் பழுக்கக் காய்ச்சுகிறது.
எட்டரைக்கு உறை பிரித்தோம்.
இரண்டரை வரை ஆறு மணி நேரம்.
சுவர்க் கடிகாரத்தில் மட்டும் எப்போதும் நாலேகால்.
அதை நம்பாதீர்கள் என்று
முத்திரையிட்ட தாள்களைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன்.

நான் வேதியியல்காரி.
இன்று இத்தாலிய மொழித் தேர்வுக்குக் காவல்.
உதவக் கூடாது. சிரிக்கக் கூடாது.
ஒரே முதுகுக்குப் பின்னால் நெடுநேரம் நிற்கக் கூடாது.
எனக்கு அனுமதித்த ஒரே வாக்கியம்
மணி என்ன என்பது.

இங்கே கரட்டுத் தாளுக்கு
அசிங்கப் படி என்று பெயர்.
பார்த்து எழுதித் தருவது அழகுப் படி.
நேரத்தை ரொட்டிபோல் அறுக்கத் தெரிந்தவர்கள்
அசிங்கத்துக்கு மூன்று, அழகுக்கு இரண்டு என்று வைத்து
மிச்ச ஒன்றில் பிழை பொறுக்குவார்கள்.

பொனாரியா அந்த ரகம்.
கைக்கடிகாரத்தைக் கழற்றி அகராதிமேல் சாய்த்திருக்கிறாள்.
பதினொன்றரைக்கு, பாதி வாக்கியமானாலும் பரவாயில்லை,
ஒரு கோடு கிழித்தாள்.
பீச் பழம் ஒன்றைத் தின்றாள்,
விரல்களைத் துடைத்தாள், ஒவ்வொன்றாக.
பிறகு புதுத் தாள்.

ஜன்னலோரத்தில் எஃபிசியோ.
மணி ஒன்று. இன்னும் அசிங்கத்தில்தான் இருக்கிறான்.
அம்புக்குறிகள், கட்டங்கள்,
ஓரத்தில் தலைகீழாக ஏறும் வரிகள்.
நடந்துபோகையில் ஒரு சொல் கண்ணில் பட்டது:
அப்பாவின் லாரி.
மூன்று முறை அடித்து
நான்காம் முறை எழுதியிருந்தான்.

"இன்னும் ஒரு மணி நேரம்" என்றேன் ஒன்றரைக்கு,
எல்லோருக்கும் பொதுவாக.
குரல்தான் பொதுவாக இருந்தது,
கால்கள் அவன் மேசையோரம் நின்றுவிட்டன.
ஈயை விரட்டுவதுபோல் தலையசைத்தான்.

தம்பி, போதும், பார்த்து எழுத ஆரம்பி.
இதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.
சொல்லாமல் பன்னிரண்டு அடி நடந்தேன்.
திரும்பிப் பன்னிரண்டு அடி.

ஒரிஸ்தானோவில், என் பதினெட்டு வயதில்,
என் அழகுப் படி 'ஆனால்' என்ற சொல்லோடு நின்றது.
கையிலிருந்து தாளை உருவினார்கள்.
ஆனால் என்ன என்று
வாய்மொழித் தேர்விலும் யாரும் கேட்கவில்லை.
முப்பத்தொரு வருஷமாகிறது,
எனக்கே மறந்துவிட்டது.

இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டான்.
கழுத்திலிருந்து காதுவரை ரத்தம் ஏறியதைப் பார்த்தேன்.
முதல் பக்கம் நேர்க்கோடு.
இரண்டாவதில் எழுத்துகள் எதிர்க்காற்றில் நடப்பவர்கள்.
மூன்றாவதில்
கரட்டுத் தாள்களைப் புரட்டித் தேடி, கிடைக்காமல்,
அத்தனையையும் முழங்கையால் ஒதுக்கிவிட்டு
எதையும் பார்க்காமல் எழுதத் தொடங்கினான்.

இரண்டரை.
எல்லாப் பேனாக்களும் படுத்துவிட்டன, ஒன்றைத் தவிர.
என் கைக்கடிகாரம் இரண்டு நிமிஷம் பின்தங்கும்.
ஈஸ்டரிலிருந்து தெரியும், திருத்தவில்லை.
அதை உயர்த்திப் பிடித்து
மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்,
தெரியாதவள்போல.

"அசிங்கமானதையும் தரணுமா?"
"எல்லாவற்றையும்."

உள்ளங்கை நீலத்தோடு அவன் படியிறங்கிப் போனதும்
எண்ணினேன்: அழகு நான்கு, அசிங்கம் பதினொன்று.
பதிவேட்டில் 14.30 என்று எழுதினேன்.
படிக்க எனக்கு அனுமதியில்லை,
படிக்கவுமில்லை.
கடைசித் தாளின் பின்பக்கத்தை
விரல் நுனியால் ஒருமுறை தடவினேன்.
முற்றுப்புள்ளி அந்தப் பக்கம்வரை வந்திருந்தது.